வாய்மொழிப் பரீட்சை

சிங்களம் அரசகரும மொழியான பிறகு, பருத்தித்துறையில் அரசாங்க ஊழியர்களுக்கு மாலையில் சிங்கள வகுப்பு நடத்தினேன். தேறாவிட்டால் உத்தியோகம் நிலைக்காது. என்னைவிட மூத்தவரான ஆஸ்பத்திரிக் கிளாக்கர் ஒருவர் நன்றாகவே படித்தார்.

வாய்மொழிப் பரீட்சையில், கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, ஏன் சிங்களம் படித்தீர் என்று அவரைக் கேட்டார்.

"வேலை போய்விடும் என்ற பயத்தில்" என்று கிளாக்கர் அழகான சிங்களத்தில் பதில் சொன்னார். வாசலில் நின்று கேட்டேன்; வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அதிகாரி அவரை ஃபெயிலாக்கினார்.

வெளியே வந்தவரிடம், "ஏன் அண்ணை உப்பிடிச் சொன்னியள்?" என்றேன்.

"நீர் படிப்பிச்ச சிங்களத்திலை உண்மை கதைக்க ஏலாதோ மாஸ்டர்?"



அந்த வருடமே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இருந்த கதிரைக்கு, தெற்கிலிருந்து ஒருவர் வந்தார். நோயாளிகளோடு கதைக்க அவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்குப் படிப்பிக்கும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை.