இரண்டு ஓரகத்திகளுக்கு ஒரு படகு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் இருந்த சின்ன டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காசி, ராமேஸ்வரம், திருப்பதி, எப்போதாவது ஒரு சிங்கப்பூர் டிக்கெட். எனக்கு இருபத்துமூன்று வயது. ஊர் ஊராக மற்றவர்களை அனுப்பிவைத்தேனே தவிர, நான் போயிருந்த அதிகபட்ச தூரம் வேலூர்.

ஒரு பிற்பகல் இரண்டு பெண்கள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். கோவிலம்பாக்கத்தில் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வாழும் ஓரகத்திகள். வயல்களை மனை போட்டு விற்றபின் வசதி வந்த குடும்பம். மூத்தவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். இளையவர் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து என் மேஜைமேல் விரித்தார். நீலக்கடல், பொட்டுப் பொட்டாகத் தீவுகள், நடுவில் ஒரு வெள்ளைப் படகு.

“இது எங்கமா கீது?”

“மாலத்தீவா இருக்கும்னு நினைக்கிறேன்.”

“இந்த மாதிரி படகு ஒண்ணு, எங்க ரெண்டு பேருக்கு மட்டும், ஒரு வாரம் வோணும்.”

அங்கே தீவிலேயே நல்ல ஹோட்டல்கள் இருக்கும் என்றேன்.

“ஓட்டல் வாணாம். ஓட்டல்ல போன் கீது. போன் இருந்தா கூப்டுவாங்க. வூட்ல பதினாலு பேரு. காலைல ஆரம்பிச்சா இத்த எடு, அத்த குடுன்னு கூப்டுகினே இருப்பாங்க. காசிக்குப் போலாம்னு கெளம்பினோம். பதினாலு பேரும் கூடவே வந்துட்டாங்க. நட்டநடுக் கடல்ல எவன் வந்து கூப்டுவான்?”

மூத்தவர் அப்போதுதான் வாய் திறந்தார். “எனக்கு நீச்சல் தெரியாது. அத்தயும் எழுதிக்கமா.”

பொழுது போகாமல் வந்திருப்பார்கள் என்றார் எங்கள் முதலாளி. ஆனால் தனக்குத் தெரிந்த கொழும்பு ஏஜென்ட் ஒருவரின் விலாசத்தைக் கொடுத்தார். நான் கடிதம் எழுதினேன். சில வாரங்களில் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபேக்ஸ் வந்தது. மூன்று அறைகள், மேல்தளத்தில் சாப்பிடும் இடம், ஒரு கேப்டன், ஒரு சமையல்காரர், இரண்டு வேலையாட்கள். படகின் வரைபடமும் இருந்தது.

கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, அவர்கள் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார்கள். புது வீட்டு பிளானைப் பார்ப்பதுபோல் அந்த வரைபடத்தைப் பார்ப்பார்கள்.

“வாசல் எந்தப் பக்கம் பாத்து கீது?” என்று மூத்தவர் கேட்டார்.

“படகு திரும்பிக்கிட்டே இருக்கும்மா. எல்லாப் பக்கமும் பாக்கும்.”

“சமையக்கட்டு?”

“கீழ் தளத்துல.”

“நல்லதாப் போச்சி. கண்ணுல படாது” என்றார் இளையவர்.

அடுத்த ஃபேக்ஸில் சமையல்காரர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். உங்களுக்குச் சாப்பிட என்னென்ன பிடிக்கும்? நான் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தேன். மூத்தவர் யோசித்தார். தன் வீட்டில் யாருக்கு எது ஆகும், யாருக்கு எது ஆகாது என்று முன்பு ஒருநாள் எனக்கு மூச்சுவிடாமல் சொன்னவர், இப்போது ஒன்றும் தோன்றாமல் விழித்தார். “எதுன்னாலும் சரிமா” என்றார்.

“இன்னா எதுன்னாலும்?” என்று இளையவர் குறுக்கிட்டார். “அக்காவுக்கு நண்டுன்னா உசுரு, எழுது. ஆனா ஓடு ஒடைக்க ஒக்காந்தா வேல கெட்டுடும்னு எல்லாருக்கும் நண்டப் போட்டுட்டு, கொழம்ப மட்டும் ஊத்திக்கும்.”

மூத்தவர் அவரையே பார்த்தார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: “இவளுக்கு மொறுமொறுன்னு சூடா தோச எழுதுமா. எப்பவும் கடேசில ஆறிப்போனதத்தான் துன்னுவா.”

தோசை என்றால் என்ன, அது எப்படிச் சுடப்பட வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுத எனக்கு ஒரு முழுப் பக்கம் ஆனது.

படகில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்று தெரிந்ததும், “நீயே வா. ரூமுதான் மூணு கீதே” என்றார்கள். வீட்டில் சொன்னேன். மூன்றாம் நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பியபோது, அப்பா தாம்பரம் ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்து, “போய்ட்டு வாம்மா. ஸ்வெட்டர் எடுத்துக்கோ” என்றார். அங்கே வெயில் என்று நான் சொல்லவில்லை.

மூன்று பேரும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் கோவிலம்பாக்கம் வீட்டுக்கே போய்விட, ரகசியம் உடைந்தது. மறுநாள் அண்ணனும் தம்பியும் அலுவலகப் படி ஏறி வந்தார்கள். வெள்ளை வேட்டி, கனத்த உடம்பு. முதலாளி அன்றைக்குப் பார்த்து வெளியே போயிருந்தார்.

“படகு ஏற்பாடு பண்ற பொண்ணு நீதானா?” என்றார் அண்ணன்.

“ஆமாங்க.”

“படகக் காட்டு.”

வரைபடத்தை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். விரலை ஓரிடத்தில் வைத்தார். “இது ஏணியா, படியா? செங்குத்தா இருக்குமா? அதுக்கு முட்டி வலி கீது.”

“கேட்டு எழுதறேங்க.”

“கேளு. புடிச்சிக்கக் கம்பி கீதான்னும் கேளு.”

தம்பி தயங்கியபடி, “அண்ணா, நாமளும் கூடப் போனா…” என்று தொடங்கினார்.

“நம்மளக் கூப்டாங்களா?”

“இல்ல.”

“அப்போ கம்முனு வா.” கதவருகே போனவர் திரும்பி, “நாங்க வந்தத அதுங்க கையில சொல்லாதமா” என்றார்.

நான் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்து, திருவனந்தபுரம் வழியாக மாலத்தீவு போய்ச் சேர்ந்தோம். காலண்டரில் இருந்த அளவுக்குப் படகு வெள்ளையாக இல்லை. அறைகளும் சின்னவைதான். முதல் நாள் இருவரும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் நண்டு வந்தது. மூத்தவர் இரண்டு மணி நேரம் ஓடு உடைத்துச் சாப்பிட்டார். தோசை தடியாகத்தான் இருந்தது, ஆனால் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால்தான் இரண்டு தீவுகளைப் பார்க்க முடியும் என்று கேப்டன் சொல்லியிருந்தார். நான் குளித்துவிட்டு வந்தபோது, மூத்தவரின் அறை வாசலில் இளையவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா தூங்குது. எஞ்சின் போட வாணாம்னு சொல்லு.”

“தீவு பாக்க முடியாதும்மா.”

“தீவு எங்க போயிடப் போவுது? சொல்லு.”

சொன்னேன். கேப்டன் சிரித்துவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனார். எட்டு ஆனது. ஒன்பது ஆனது. பதினொன்றரைக்கு மூத்தவர் தலைமுடியை அள்ளி முடிந்தபடி பதறிக்கொண்டு ஓடிவந்தார். “ஐயய்யோ, ஏண்டி என்ன எழுப்பல?”

“எதுக்கு எழுப்பணும்?”

மூத்தவர் அப்படியே பலகையில் உட்கார்ந்தார். கண்ணில் நீர் வந்தது. இளையவர் முந்தானையால் துடைக்கப் போக, கையைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

அந்த இரண்டு தீவுகளையும் நாங்கள் பார்க்கவே இல்லை. சாயங்காலம், தண்ணீர் வடிந்து தெரிந்த ஒரு மணல்திட்டில் சிறு படகில் அவர்களை இறக்கிவிட்டார்கள். ஒரு மரம்கூட இல்லாத திட்டு. சுற்றி நடக்கப் பத்து நிமிஷம் ஆகும். நான் படகிலேயே இருந்துவிட்டேன். புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்தபடி இருவரும் அதைச் சுற்றி நடந்தார்கள். முடிந்ததும் மறுபடி ஒரு சுற்று. என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்குகிறது, கூப்பிடட்டுமா என்று கேப்டன் கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்றேன்.