நடுவயிற்று வெட்டு

அந்தத் தச்சருக்குக் 'குதிகால்' என்று பட்டப்பெயர். எவர் வீட்டு மாடிக்கு ஏறினாலும், உட்காருமுன் குதிகாலால் தரையை மூன்று முறை தட்டிப் பார்ப்பார். உட்கார்ந்தாலும் கால் ஆட்டுவது ஓயாது. தங்கை வீட்டு மாடிக்கு மட்டும் பதினோரு ஆண்டுகளாக அவர் ஏறியதே இல்லை. வாசலோடு நலம் விசாரித்துத் திரும்பிவிடுவார். தங்கை கணவரோடு ஏதோ மனத்தாங்கல் என்று உறவெல்லாம் நம்பியது.

மனத்தாங்கல் தம்மோடுதான். அந்த மாடித் தளத்தை அமைத்தவர் அவரே. நடுவே ஓர் உத்திரம், அதன்மேலும் சுவர்மேலும் தலைவைத்துப் பதினான்கு சட்டங்கள், அவற்றின்மேல் பலகை. நடப்பவர் பாரத்தைப் பலகை சட்டத்திடம் தரும். சட்டம் உத்திரத்திடம் தரும். உத்திரம் சுவரிடம் ஒப்படைக்கும். பாரம் ஏறுகையில் சட்டத்தின் முதுகு நெருக்குண்ணும், அடிவயிறு இழுபடும். ஆதலால் நடுவயிற்றில் உளி படலாகாது என்பது அவருக்கு வேதம். அவர் உண்ணப் போயிருந்த அரைமணியில், குளியலறைக் குழாயைக் கடத்துவதற்காக பிளம்பர் ஏழாம் சட்டத்தின் நடுவயிற்றையே வெட்டிவிட்டார். மறுநாள் தங்கை குடும்பம் குடிவருகிறது; பிரித்துச் செய்ய நேரமில்லை. கண்டும் காணாதவராய்த் தச்சர், சட்டங்களை அடியிலிருந்து மறைக்கும் கீழ்ப்பலகையை ஆணியடித்து மூடினார்.

ஒருநாள் காலை தங்கை போனில் சொன்ன செய்தி அவரை இருக்கவிடவில்லை. அவள் தையல் தொழிலுக்கான ஆறு மெஷின்கள் நாளை அந்த மாடிக்கு ஏறுகின்றனவாம். தெருமுனைவரை போனார், திரும்பினார், மறுபடி போனார். செருப்பைக் கால்மாற்றி அணிந்திருப்பதை மூன்றாம் நடையில்தான் கண்டார். அந்தக் கோலத்திலேயே தங்கை வீட்டை அடைந்தார்.

"வாங்க மச்சான், வழி ஞாபகம் இருக்கா?" என்றார் தங்கை கணவர்.

"சுத்தியல் எடுங்க மாப்ள. உங்க தலைக்குமேல இருக்கற பலகையைப் பிரிக்கணும்."

மாப்பிள்ளை சிரித்தார். தச்சர் சிரிக்கவில்லை; நின்றபடியே ஒன்றுவிடாமல் சொல்லிமுடித்தார்.

தங்கை அண்ணாந்து மேலே பார்த்தாள். "புள்ளைங்க அதுமேலதான் குதிச்சு வெளையாடுச்சுங்க."

கீழ்ப்பலகையைப் பெயர்த்தார்கள். வெட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. தச்சர் முட்டுக் கொடுத்தார். குழாயைச் சட்டங்களுக்கு அடியில் இறக்கினார். காயம்பட்ட சட்டத்தின் பக்கத்தில், சுவர்முதல் உத்திரம்வரை முழுநீளப் புதுச்சட்டம் நிறுத்திப் போல்ட் முடுக்கினார். நான்கு நாள் மெஷின்கள் காத்திருந்தன. எல்லாம் முடிந்த பின்னும், எட்டாம் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று இருமுறை கேட்டுத் திட்டு வாங்கினார்.

ஐந்தாம் நாள் மெஷின்கள் ஏறின. அண்ணனோடு மாடி ஏறிய தங்கை அறையின் நிலைப்படியில் நின்றாள். உள்ளே கால் வைக்குமுன் குதிகாலால் மூன்று முறை தட்டினாள். அண்ணன் பார்க்கிறார் என்று தெரிந்தே தட்டினாள். தச்சர் தலை கவிழ்ந்தார்.

அவள் ஒரு முக்காலியை ஏழாம் சட்டத்துக்கு நேர்மேலே இழுத்துப் போட்டாள்.

"உக்காருண்ணா. காலை மட்டும் ஆட்டாத."