நான் வாசித்த ஓலை

ஒரு மனிதனைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தவன் நான். ஸ்டேஷன் வாசலை மிதிக்கவில்லை. யாரிடமும் ரகசியமாகத் துப்புச் சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், கோயில் நிறைய ஜனம் இருக்க, முறைப்படி சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன். அதனால் இன்றுவரை என்னை யாரும் குற்றம் சொன்னதில்லை. நான் அப்படிச் செய்ததற்குப் பொறாமையைத் தவிர வேறு காரணம் கிடையாது.

காரைக்குடிக்கு ரயில் வராத காலம். பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டார் நடத்திய தர்மப் பள்ளிக்கூடத்தில் நான் ஆண் பிள்ளைகளுக்கு வாத்தியார். பெண் பிள்ளைகளுக்கு மதுரையில் டிரெயினிங் முடித்து வந்த ஒரு டீச்சர். நாங்கள் இருவரும் கத்தோலிக்கர், ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். தகப்பன் இல்லாத அவரை எனக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அவருடைய தாயாருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. ஆனால் நான் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமலே கிடைத்துவிடும் என்று இருந்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டு வாங்கிக்கொண்டு காரைக்குடியிலிருந்து மாட்டு வண்டியில் திரும்பினோம். பொழுது சாயும் நேரம். கண்மாய்க் கரையில் முகத்தை மூடிய ஆட்கள் வண்டியை மறித்தார்கள். யாரும் சொல்வதற்கு முன்பே நான் கைகளைத் தூக்கிவிட்டேன். என் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குத் தலைவன் போலிருந்தவன் கோணியில் கட்டியிருந்த சிலேட்டுக் கட்டைத் தூக்கிப் பார்த்தான். கனத்தைப் பார்த்து, ஏதோ கலியாண வீட்டு வெள்ளித் தட்டு என்று நினைத்திருக்க வேண்டும்.

டீச்சர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "அது சிலேட்டு. முகத்தை மூடிக்கிட்டு வந்து சிலேட்டைத் தூக்கிட்டுப் போனீகன்னு ஊருக்குள்ள சொன்னா சிரிப்பாக" என்றார்.

அவன் கோணியைப் பிரித்துப் பார்த்தான். பிறகு கட்டை வண்டியிலேயே வைத்துவிட்டு, "சொல்லிராதீக" என்றான்.

மறுநாள் டீச்சர் இதைப் பள்ளிக்கூடத்து ஆயாவிடம் சொல்லிச் சிரித்தார். கோயிலில் சொன்னார். தன் தாயாரிடம் நடித்தே காட்டினார். எத்தனை பேரிடம் சொன்னாலும் அந்தக் கதையில் நான் இல்லை. வண்டியில் கூட வந்தவன் ஒருவன் உண்டு என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். எனக்கு நெஞ்சு எரிய ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவனும் எங்கள் வேதக்காரன்தான். தெற்கே ஒரு ஊர். வரப்புச் சண்டையில் ஒருவனைக் குத்திவிட்டு, வாரண்டுக்குப் பயந்து எல்லை தாண்டிப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் போய்விட்டவன். இங்குட்டு வந்து வண்டி மறிப்பான், அங்குட்டுப் போய்விடுவான். அது ராஜா ஆளும் தனிச் சீமை; எங்கள் வெள்ளைக்காரப் போலீஸ் அங்கே கால் வைக்க வேண்டுமானால் எழுதிக் கேட்டு, பதில் வர வேண்டும்; அதற்குள் ஆள் வேறு ஊருக்கு மாறியிருப்பான். அவனை 'அவர்' என்று எழுத எனக்கு இந்த வயதிலும் கை வரவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சில மாதம் கழித்து, டீச்சர் ஒரு துணி முடிச்சை என்னிடம் நீட்டினார். "சார், இது ஒங்களுதாம்." என் கடிகாரம். வாங்கிக் காதில் வைத்தேன், ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் அவன் அதற்குச் சாவி கொடுத்து வந்திருக்கிறான். அவன் எப்போது வந்தான், எங்கே பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாம் விளங்கிவிட்டது. அதை மறுபடி நான் சட்டைப் பையில் வைத்ததே இல்லை.

அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக அவன் வண்டி மறிப்பதை விட்டுவிட்டான் என்பதும், சமஸ்தானத்துப் பக்கம் ஒரு குவாரியில் கல் உடைக்கிறான் என்பதும் பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். அதைச் சொன்ன அன்றைக்கே இதையும் சொன்னார்: "ஒங்களை என் கூடப்பிறந்தவுகளா நெனச்சுக் கேக்குறேன் சார். எங்க கலியாணத்துக்கு ஒத்தாசை பண்ணணும்." நான் தலையை ஆட்டினேன்.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும் சொல்லி, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். எங்கள் வெள்ளைக்காரச் சாமியார் மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், அனுமதி வாங்கியிருந்தார்: ஒரே ஓலை போதும், ஞானஸ்நானப் பெயரை மட்டும் சொன்னால் போதும். அந்தப் பெயர் எங்கள் பங்கில் வீட்டுக்கு ஒருவருக்கு உண்டு; யாருக்கும் சந்தேகம் வராது. விடியற்காலைப் பூசையில் தாலி கட்டி, வெயில் ஏறுவதற்குள் எல்லை தாண்டிவிடலாம் என்பது ஏற்பாடு. சாமியாருக்குத் தமிழ் திணறும். அதனால் ஓலை வாசிப்பது எப்போதும் நான்தான்.

நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. மாப்பிள்ளை யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் அவன் வரமாட்டான், ஓடிவிடுவான், அவன் எப்பேர்ப்பட்டவன் என்று டீச்சருக்குத் தெரிந்துவிடும், அப்போது பக்கத்தில் நான் இருப்பேன் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் பெயரைச் சொன்னேன். நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் தகப்பன் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். குரல் நடுங்கவே இல்லை. தூணோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஏட்டு தலை நிமிர்ந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

பூசை முடிந்ததும் டீச்சர் என் முன்னால் வந்து நின்றார். "ஊர்ப் பேரை யாரு சொல்லச் சொன்னா?"

"முறைப்படி சொல்லணும்ல" என்றேன்.

அவர் நேரே வீட்டுக்குப் போனார். விறகு கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி மூலம் அன்றே அவனுக்குச் சொல்லியனுப்பினார்: வர வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்று. அவனிடமிருந்து வந்த பதிலை அவருடைய தாயார் என்னிடமே சொல்லி அழுதார். "ஓலை வாசிச்சாச்சு. இனி நான் வராம இருந்தா ஊரு அவளைத்தான் பேசும்."

இதை நான் நினைக்கவில்லை. எத்தனையோ ஓலை வாசித்தவன் நான். ஓலை வாசித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை வராமல் போனால், அவளிடம் ஏதோ குறை கண்டுதான் போனான் என்று ஊர் பேசும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பொறாமையில் அது என் கண்ணில் படவில்லை. அவன் கண்ணில் பட்டது.

வந்தான். கலியாணத்தன்று விடியற்காலையில், வெளுத்த வேட்டி, நகக்கண்ணில் கல் தூசி. கோயில் வாசலில் ஏட்டும் கான்ஸ்டேபிள்களும் நின்றார்கள். சாமியார் வெளியே போய் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஏட்டே, "முடியட்டும் சாமி. நாங்க வெளிய நிக்கிறோம்" என்றார். தாலி கட்டி முடிந்ததும் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் பயந்து நழுவிவிட்டார். சாமியார் என்னைக் கூப்பிட்டார். பேனாவை எடுத்தபோது அவன் என் பக்கம் திரும்பினான்.

"நல்லாத் தெளிவா வாசிச்சீகளாம். எங்க அப்பன் பேரைக் கோயில்ல சொல்லி ரொம்ப வருசமாச்சு சார்."

குத்திக் காட்டினானா, மனதாரச் சொன்னானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டேன். அவன் வெளியே போய் ஏட்டிடம் இரண்டு கைகளையும் நீட்டினான்.

திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். பல வருஷத் தண்டனை. கள்ளன் பெண்டாட்டியிடம் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்று பள்ளிக்கூடம் நடத்திய வீட்டு ஆச்சி டீச்சரை நிறுத்திவிட்டார். பேசிப் பார்க்க நான் போனேன். "ஒங்களுக்கு ஏன் இம்புட்டு அக்கறை வாத்தியாரே?" என்று ஆச்சி கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பரிகாரமாக ஜெபம் எதுவும் கொடுக்காமல், அவளிடம் போய்ச் சொல் என்று மட்டும் சொன்னார். போனேன். டீச்சர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறைக்காக அல்ல, பொறாமையில் வாசித்தேன் என்றேன்.

"தெரியும்" என்றார். "எப்பவும் சனத்தைப் பாத்து வாசிப்பீக. அன்னைக்குத் தலையைத் தூக்கவே இல்லை." கை நிற்கவில்லை. "மன்னிப்புக் கேக்க வந்தீகளா, ஏதாச்சும் செய்ய வந்தீகளா?"

செய்ய வந்தேன் என்றேன்.

"ஒங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வரும். அவுகளை விடச் சொல்லி மனு எழுதுங்க."

எழுதினேன். எழுத வேண்டுமானால் அவனைப் பற்றித் தெரிய வேண்டும். டீச்சர் தாயாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன். அவன் எப்படித் திருட்டை விட்டான், முதல் கூலியில் யாருக்கு என்ன வாங்கிக் கொடுத்தான், எழுத்துப் படிக்க எவ்வளவு பாடுபட்டான் என்றெல்லாம். சொல்லும்போது அவர் முகம் இருந்த விதத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவனுடைய நற்குணங்களை என் கையாலேயே, எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷில் எழுதினேன். முதல் மனு தள்ளுபடியானது. மறுபடி எழுதினேன், அதற்குப் பிறகும் எழுதினேன். கடைசியில் தண்டனை குறைந்து அவன் வெளியே வந்தான். அது என் மனுவாலா, ஜெயிலில் வழக்கமாகக் கொடுக்கும் சலுகையாலா என்பது எனக்குத் தெரியாது.

அவர்கள் சமஸ்தானத்துப் பக்கம் குடிபோனார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. சில வருஷம் கழித்து நான் பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். அவன் பாய் விரித்து, மோர் கொடுத்து, நான் வந்திருப்பதைச் சொல்லப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். தனியாகத் திரும்பி வந்தான்.

"அவளுக்கு வேலை இருக்காம்" என்றான்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. நான் வந்த பஸ்ஸே திரும்பும் நேரம் ஆகிவிட்டது. அவன் ரோடுவரை கூட வந்தான். "அவ மனசு அப்படி. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீக சார்" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

மன்னிப்புக் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தோடு பஸ் ஏறியிருக்க வேண்டியவன் நான். அவன் அத்தனை சாதாரணமாக 'அவ' என்று சொன்னானே, அதுதான் ஊர் வந்து சேரும்வரை என் காதில் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை.