நடுப்பக்கத்தில் மாமா

என் மாமாவின் கல்யாணத்தை நிறுத்தியவன் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. தப்பித்துக்கொள்வதற்காக வயதைச் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சாரல் காலம். அம்மாவின் தம்பியான அந்த மாமா, தென்காசியிலிருந்து என்னைச் சைக்கிளில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போயிருந்தார். அங்கே மெட்ராஸ் போட்டோகிராபர் ஒருவர், பத்திரிகையின் பட்டுப்புடவைப் பக்கங்களுக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மாடல் பெண் பட்டுப்புடவையும் கூலிங் கிளாஸுமாகக் குடை பிடித்து நிற்க வேண்டும். அவளைச் சுற்றி, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, துண்டு கட்டிய ஆறு ஆண்கள் துவாரபாலகர்கள் மாதிரி விறைத்து நிற்க வேண்டும். அதுதான் வேடிக்கையாம். எண்ணெய் தேய்த்து முடித்திருந்த மாமா ஆறாவது ஆளாகப் போய் நின்றார். நானும் போய் ஒட்டிக்கொண்டேன்.

“ஏலே, அங்கன தள்ளி நில்லு. படத்துல நீயும்லா விழுத!” என்று விரட்டினார்.

அந்த நேரம் பார்த்து மாடல் பெண் பாசியில் வழுக்கினாள். மாமாவின் தோளைப் பற்றினாள். எண்ணெயில் பிடி நிற்கவில்லை. மாமா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பிரமாதம் சார்! கையை விட்டுடாதீங்க!” என்று கத்திக்கொண்டே போட்டோகிராபர் எடுத்துத் தள்ளினார்.

அந்தப் படம்தான் நடுப்பக்கத்தில் வண்ணத்தில் வந்தது. மாமா புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்காக மினுங்கினார். ஓரத்தில் என் முழங்கை மட்டும் இருந்தது.

மாமாவுக்கு அப்போது இலத்தூரில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக் கடையில் இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கி அவர் பெட்டிக்குள் ஒளித்தார். நான் ஒன்றை உருவிக்கொண்டு இலத்தூருக்குப் பஸ் ஏறினேன். என் முழங்கையைக் காட்டப் போனேன் என்றுதான் பிறகு சொன்னேன். பொய். தள்ளி நிற்கச் சொன்னதற்குப் பழிவாங்கப் போனேன்.

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. படத்தைக் கையை நீட்டித் தூர வைத்துப் பார்த்தார், மூக்கருகில் வைத்துப் பார்த்தார். “மாப்பிள்ளைக்கு இதுதான் சோலியோ?” என்றார். மறுநாள் அவர் சொல்லியனுப்பியதாக ஆள் வந்தது. “இனி எம் மக சொல்லுததுதான். அவ சரின்னா எனக்கும் சரி.”

மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்துப் பயந்துபோய், செய்ததைச் சரிசெய்ய மறுபடியும் இலத்தூர் போனேன். பின்வாசலில் நின்ற கல்யாணப் பெண்ணான அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவங்க வழுக்கிட்டாங்கக்கா. மாமா பிடிக்கலைன்னா மண்டை உடைஞ்சிருக்கும்.”

“அது கெடக்கட்டும். எத்தனை படி எண்ணெய் தேய்ச்சாக ஒங்க மாமா?” என்று கேட்டாள்.

பிறகு உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்துவந்தாள். படத்தை மடித்து, மடிப்பில் நகத்தால் கோடிழுத்து, இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியை என்னிடம் நீட்டி, “இத ஒங்க மாமாட்ட குடு” என்றாள்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து, “மாமா, அந்த அக்கா படத்தைக் கிழிச்சிட்டாங்க” என்று சொல்லி அந்தப் பாதியை நீட்டினேன். அதில் மாடல் பெண்ணும், என் முழங்கையும், அவள் மணிக்கட்டில் மாமாவின் நாலு விரல்களும் இருந்தன.

“சரிலே” என்றார். அன்றைக்கே, சம்பந்தம் வேண்டாமென்று அவரே சொல்லியனுப்பிவிட்டார். தை மாதத்தில் அந்த அக்காவைத் திருவேங்கடம் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

மாமா நின்ற மற்றப் பாதியை அவள் என்ன செய்தாள் என்று மாமா கேட்கவில்லை. அதை அவள் கசங்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். அதைச் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.