வசந்தாவின் முட்டி

1. புதிதாக வந்தவள்

ராஜேஸ்வரி வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. காலையில் வந்தாள், பெரிய டாக்டரைப் பார்த்தாள், எக்ஸர்சைஸ் ரூமுக்குள் வந்து, "அக்கா, நான் எங்கிட்டு நிக்கணும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், பாயில் படுத்து அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை அவளைப் பார்த்து அழுகையை நிறுத்தியது. அவ்வளவுதான் நடந்தது.

எழுபதுகளில், மலையாள நாட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். கோயமுத்தூரிலிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் போலியோ. காய்ச்சல் விட்டதும் குழந்தைக்குக் கால் வராது. பெரிய டாக்டர் பார்த்து நோயை உறுதி செய்த பிறகு எங்களிடம் அனுப்புவார். எந்தத் தசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மசில் சார்ட் போடுவது எங்கள் முதல் வேலை. அசைவே இல்லையென்றால் ஜீரோ, நல்ல தசைக்கு ஐந்து. நான்கு வயதுக் குழந்தையிடம் "காலைத் தூக்கு" என்றால் தூக்காது. அதை விளையாட வைத்து, தொடையில் விரலை வைத்துத் தசை இறுகுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகு வெந்நீர்க் கம்பளி ஒத்தடம், ஸ்ட்ரெச்சிங், காலை நேராக வைத்துக் கட்டும் ஸ்ப்ளின்ட், காலிப்பர், இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேரலல் பாரில் நடை. மாதக்கணக்கில் ஆகும்.

ராஜேஸ்வரிக்கு ஊர் மலைமேல் வண்டன்மேடு. அப்பா ஏலத்தோட்டத்தில் கங்காணி. தோட்டத்திலிருந்து ஒரு பெண் இந்தப் படிப்புப் படித்து வருவது அப்போது பெரிய விஷயம். அதை எல்லோரும் என்னிடமே வந்து சொன்னார்கள். நான் படித்து வந்தபோது யாரும் யாரிடமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

2. கை மாறிய குழந்தை

எருத்தேன்பதியிலிருந்து வந்த வசந்தாவுக்கு அப்போது நான்கு வயது. அப்பாவுக்குக் கடலைக்காடு. அம்மா மாராத்தாள்தான் எப்போதும் அழைத்து வருவாள். வசந்தாவின் வலது கால் முழுக்கத் துவண்டிருந்தது. தொடையின் முன்தசை, நாங்கள் குவாட்ரிசெப்ஸ் என்போம், பவர் ஒன்றில் இருந்தது. முட்டியை நிமிர்த்தி நிறுத்துவது அந்தத் தசைதான்.

ஆறு மாதத்துக்கு மேல் அந்தக் குழந்தை என் கையில் இருந்தது. இடுப்பு மடங்கி இறுகிவிடாமல் தினமும் இழுக்க வேண்டும். இழுத்தால் வலிக்கும். வலித்தால் கத்துவாள். என் வெள்ளைப் புடவை வாசலில் தெரிந்தாலே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். இந்த வேலையில் அதை யாரும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் வைத்துக்கொண்டேன். ஆனாலும் இழுப்பதை நிறுத்தவில்லை. இடுப்பு நேரானது. தொடைத் தசை பவர் இரண்டுக்கு வந்தது. இடுப்பிலிருந்து பாதம்வரை இரும்புப் பட்டை வைத்த காலிப்பர் போட்டு நிற்க வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டர், "சிவகாமி, உனக்குப் புதிய கேஸ் நெறைய உண்டல்லோ. நடத்தம் பழக்குறதெல்லாம் ராஜேஸ்வரி செய்யட்டே" என்றார். மலையாளமும் தமிழும் கலந்துதான் அவர் பேசுவார். வசந்தா ராஜேஸ்வரியிடம் போனாள்.

வலிக்கிற பகுதி எல்லாம் என் கையில் முடிந்துவிட்டது. சிரிக்கிற பகுதி அவள் கைக்குப் போயிற்று.

ராஜேஸ்வரி பாரின் மறுமுனையில் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டுவாள். "இங்கிட்டு வா தாயி. ஏலக்கா பறிக்கப் போவம், வா" என்பாள். வசந்தா சிரித்துக்கொண்டே போவாள். ஒத்தடத்துக்குக் கம்பளி பிழிந்துகொண்டே நான் அதைக் கேட்பேன். மாராத்தாள் எங்கள் பக்கத்துப் பேச்சுப் பேசுகிறவள். என் பிறந்த ஊரும் அவளுடைய ஊரும் ஒரே பஸ் பாதை. அவள் பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து, மலையிலிருந்து வந்த ராஜேஸ்வரி கையில் கொடுத்தாள். எனக்கும் இரண்டு கொடுத்தாள். நான் சாப்பிடவில்லை.

ஒரு நாள் ராஜேஸ்வரி காலிப்பரைக் கழற்றிவிட்டுப் பாருக்குள் நடக்க வைத்தாள். குழந்தை நடந்தது. பாரை விட்டு வெளியே வந்தும் நடந்தது. மாராத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டரும் வந்து பார்த்தார். "கொள்ளாம், நல்லா இருக்கு. கம்பி இல்லாதே கொஞ்ச நாள் நோக்கலாம்" என்றார். வார்டு நர்சுகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி என்னிடம், "உங்ககிட்ட இருந்தப்ப நிக்கவே அழுதாள்ல?" என்று கேட்டாள்.



3. முட்டி

அதற்குப் பிறகு ராஜேஸ்வரி செய்வதில் என்ன குறை இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடித்தான் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நன்றாகத்தான் செய்தாள்.

ஒரு நாள் ஜன்னலோரம் நின்று ஸ்ப்ளின்டுக்குப் பட்டை தைத்துக்கொண்டிருந்தேன். வசந்தா எனக்குக் குறுக்கே ராஜேஸ்வரியை நோக்கி நடந்து போனாள். வலது காலில் எடை விழுந்த ஒவ்வொரு தடவையும் முட்டி பின்பக்கமாகப் போயிற்று. நேராக நிற்கவில்லை. வில்லைத் திருப்பி வைத்தது போலப் பின்னால் வளைந்து, அங்கே பூட்டிக்கொண்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. தொடைத் தசைக்கு முட்டியை நிறுத்துகிற பலம் இன்னும் வரவில்லை. குழந்தை இடுப்புத் தசையால் காலைப் பின்னுக்குத் தள்ளி, முட்டியை எலும்போடு எலும்பாகப் பூட்டி நடக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். இப்படியே விட்டால் முட்டியின் பின்பக்க நார்கள் இழுபட்டு, வளரும் எலும்பும் கோணிப்போகும். வயது ஏறியபின் முட்டி தாங்காது.

ராஜேஸ்வரிக்கு ஏன் தெரியவில்லை என்றால், குழந்தை எப்போதும் அவளை நோக்கியே வந்தது. முன்னாலிருந்து பார்த்தால் அந்த வளைவு தெரியாது. பக்கவாட்டில் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நிமிடமே பயம் வந்தது. நான் போய் டாக்டரிடம் சொன்னால், பொறாமையில் சொல்கிறேன் என்பார்கள். பொறாமையில்தான் பார்த்தேன் என்பதும் உண்மை. அப்படியானால் நான் பார்த்ததே சரிதானா, பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் கோணமானியை எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் போனதும் வசந்தா அலறிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

சாயங்காலம் ராஜேஸ்வரியிடம் சொன்னேன். "நாளைக்கு அவ நடக்கையில நீ கூப்பிடாதே. அவங்கம்மா கூப்பிடட்டும். நீ பக்கவாட்டுல நின்னு முட்டியப் பாரு."

அவள் முகம் சுருங்கியது. "எதுக்குக்கா? நல்லாத்தானே நடக்கா."

"பாத்துட்டுச் சொல்லு. நான் பாத்தது தப்பாக்கூட இருக்கலாம்."

மறுநாள் மாராத்தாள் கூப்பிட, வசந்தா நடந்தாள். ராஜேஸ்வரி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை நடக்கச் சொன்னாள். பிறகு அவளே குழந்தையை நிற்க வைத்து, கோணமானியின் ஒரு கையைத் தொடையோடும் மறுகையைக் கெண்டைக்காலோடும் வைத்து அளந்தாள். அளவைப் பார்த்தவள் கருவியை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

"அக்கா, நீங்க ஒருக்கப் பாருங்க. நான் சரியாத்தான் வச்சிருக்கனா?"

சரியாகத்தான் வைத்திருந்தாள். முட்டி நன்றாகவே பின்னால் போயிருந்தது. டாக்டரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் வந்து அளந்து பார்த்துவிட்டு, "ஞானும் முன்னில் நின்னுதானே பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார். முட்டியில் பூட்டு வைத்த காலிப்பரை உடனே திரும்பப் போடச் சொல்லி எழுதினார்.

அதை மாராத்தாளிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சீனியர் நான்தான்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஏனுங் சிஸ்டர், உங்க கையில இருந்த வரைக்கும் என்ற புள்ள அழுதுட்டே இருந்துச்சு. அந்தம்மணி வந்துதான் நடக்க வெச்சுது. அது உங்களுக்குப் பொறுக்கலீங்க. அதுக்கு என்ற புள்ளைக்கு மறுக்கா கம்பி மாட்டறீங்களா?"

அறையில் வேறு தாய்மார்கள் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால் மீதிப் பாதியை மறுக்க வாய் வரவில்லை. அவள் போய்விட்டாள். அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

4. எருத்தேன்பதி

காலிப்பரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ராஜேஸ்வரியும் பஸ் ஏறினோம். போகலாம் என்றது அவள்தான். நானும் வர வேண்டும் என்றதும் அவள்தான்.

கடலை காயப்போட்டிருந்த களத்தின் ஓரத்தில் வசந்தா ஓடிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ராஜேஸ்வரியின் காலைக் கட்டிக்கொண்டாள். மாராத்தாள் ராஜேஸ்வரியை வரவேற்று மோர் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

"பாத்தீங்களா, எப்பிடி ஓடுதுன்னு" என்றாள்.

"பாத்தேங்க்கா. நீங்களும் பாருங்க. இங்கிட்டு என் பக்கத்துல உக்காந்து பாருங்க" என்று ராஜேஸ்வரி அவள் கையைப் பிடித்துக் களத்து விளிம்பில் உட்கார வைத்தாள். "சிவகாமியக்கா, அவள நடக்கச் சொல்லுங்க."

நான் சொன்னால் அவள் நடப்பாளா? நடக்கவில்லை. ஆனால் என்னிடமிருந்து தப்பிக்க எதிர்ப்பக்கம் விலகி ஓடினாள். அது போதுமாக இருந்தது. மாராத்தாள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொறத்தால போவுதுங்களே" என்றாள். குரல் அடங்கிவிட்டது. "நல்ல கால் இப்பிடிப் போகலீங்களே."

"நான்தான் பாக்காம விட்டுட்டேன்க்கா. சிவகாமியக்காதான் பாத்துச் சொன்னாக."

குழந்தைக்குக் காலிப்பரை ராஜேஸ்வரி மாட்டினாள். வசந்தா அழுதாள், ஆனால் ராஜேஸ்வரியின் மடியிலேயே இருந்து அழுதாள். பட்டையை எந்த இடத்தில் இறுக்க வேண்டும் என்று நான் தள்ளி நின்று சொன்னேன். கிளம்பும்போது மாராத்தாள் என்னிடம் வந்தாள்.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க. ஆனா அதை அந்தம்மணி வாயால கேட்டாத்தான் எனக்குத் தாங்குதுங்க."

அதைவிடக் கோபமாகவே பேசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பி வரும் பஸ்ஸில் ராஜேஸ்வரி கேட்டாள். "நீங்க ஏன்க்கா நேரா டாக்டர்கிட்டப் போகல? போயிருந்தா நான் மாட்டிருப்பேன்ல?"

"பொறாமையில சொல்றான்னு நெனப்பாங்க."

"பொறாமதானேக்கா?" அவள் சிரிக்கவில்லை. குத்தியும் சொல்லவில்லை.

"ஆமா" என்றேன்.

எங்களுக்குள் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை வந்ததில்லை.

5. இளையவர்களுக்கு

மாராத்தாள் மறுபடியும் குழந்தையை அழைத்து வரத் தொடங்கினாள். வசந்தா காலிப்பரோடு பள்ளிக்கூடம் போனாள். முட்டி அதற்குமேல் பின்னால் போகவில்லை. தொடைத் தசை மெதுவாகத் தேறி, சில வருடங்கள் கழித்துச் சின்னக் காலிப்பர் போதும் என்றானது. பிறகு அதுவும் வேண்டாம் என்றானது. கொஞ்சம் சாய்ந்து நடப்பாள், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கூட வேலை செய்கிறவர்மேல் பொறாமை வரும். வராது என்று நடிக்காதீர்கள். பொறாமைப்பட்ட கண்ணுக்கு இருப்பதும் தெரியும், இல்லாததும் தெரியும். எது எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் அளந்து பாருங்கள். யார்மேல் பொறாமையோ அவர் கையிலேயே கருவியைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அவருக்கும் அதே அளவு வந்தால், யார் என்ன சொன்னாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் அறையில் அதற்குப் பிறகு ஒருவர் முன்னால் உட்கார்ந்து கூப்பிட்டால் மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்ப்பது என்று வழக்கமாயிற்று. வாரத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றிக்கொள்வோம். என் முறை வரும்போது நானும் கைகளை நீட்டுவேன். சில குழந்தைகள் தயங்கித் தயங்கி வந்து என் கையைப் பிடித்தார்கள். வசந்தா கடைசிவரை என் கைக்கு வரவில்லை. அவளுக்கு மட்டும் எல்லா வாரமும் பக்கவாட்டில் நின்றது நான்தான்.