ஏரியில் நான் விட்ட முதலை

மைசூரில் கடல் கிடையாது. ஆனாலும் ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு நான் கடற்கரையைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரைதான் அது. தன்னார்வலர் குழுவை ஆரம்பித்தவர்கள் படிவத்தை எங்கோ கடலோர ஊரிலிருந்து வாங்கி அப்படியே அச்சடித்துவிட்டார்கள். அலையின் உயரம் என்று ஒரு கட்டம், கடலாமை முட்டை என்று ஒரு கட்டம். எருமை தண்ணீரில் இறங்கினால் எழும் அலையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழுவில் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. சரி என்று வாராவாரம் சேர்த்துக்கொண்டேன்.

என்னோடு வருபவர் எதிர்வீட்டு மேடம், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. என் கணவருக்கு இங்கே ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துத் திருச்சியிலிருந்து வந்து மூன்று வருடமாகியிருந்தது. அதற்குள் என் கன்னடம், தேவராஜ மார்க்கெட்டில் கீரைக்காரியோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறியிருந்தது. தெரியாத இடத்தில் தமிழையே கொஞ்சம் வளைத்துப் போடுவேன். பாதி நேரம் சரியாக இருந்துவிடும். அந்தப் பாதி கொடுத்த தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

கரையில் நட்டிருக்கும் கம்பிலிருந்து தண்ணீர்வரை டேப் பிடித்து, மண் எவ்வளவு அரித்திருக்கிறது என்று மேடம் அளப்பார். நான் குப்பையும் பறவையும் எண்ணி நோட்டில் எழுதுவேன். குப்பைக்கு ஒரு விதி உண்டு: இந்த வாரம் புதிதாக வந்து ஒதுங்கியதை மட்டுமே எழுத வேண்டும். ஒரே பிளாஸ்டிக் குடத்தை மூன்று வாரம் எழுதிவிட்டு மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

அன்று நாணலுக்குள் நீளமாக, கறுப்பாக ஏதோ பாதி மூழ்கிக் கிடந்தது. "மேடம், அது ஏனு?" என்று கேட்டேன். டேப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "அது மொதலே இத்து ரீ!" என்றார்.

மொதலை! ஐயோ அம்மா என்று ஓடினேன். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. நாய்தான் துரத்துகிறது என்று நினைத்து மேடமும் டேப்பை இழுத்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். ரோட்டுக்கு வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "மேடம், மொதலே நோடித்ரா?" என்றேன். "ஹௌது, மொதலே நோடித்தே," என்றார் நிதானமாக. பார்த்தாராம்! என்ன நெஞ்சழுத்தம் இந்த மனுஷிக்கு என்று அசந்துபோனேன். 'முதலை ஒன்று, சுமார் எட்டடி, இருவரும் பார்த்தோம்' என்று நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மேடம் அதையெல்லாம் திறந்து பார்க்கிற ஆள் இல்லை.

காவிரியில் முதலை உண்டு, கால்வாய் வழியாக வந்திருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். மறுநாளே வனத்துறை ஆட்கள் வந்து கூண்டு வைத்தார்கள். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று கன்னடத்தில் பலகையும் நட்டார்கள்.

அந்த ஏரியில் மீன் பிடிப்பவர் ஒரே ஒரு பரிசல்காரர். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர், கொங்குத் தமிழ் பேசுவார். விடிந்ததும் வலை போட்டு, கிடைத்ததை ரோட்டோரம் விற்பார். வீட்டில் நாலு பேருக்கு அதுதான் சோறு. அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது பரிசல் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அவர் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாரமா எறங்கலீங்க அம்மணி. இப்பிடியே போச்சுன்னா சென்ட்ரிங் வேலைக்குத்தான் போகோணும்," என்றார்.

"நாங்கதாங்க பார்த்துச் சொன்னோம். நல்லவேளை, உங்க உயிர் தப்பிச்சுது," என்றேன் நான், பெருமையாக. இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

மேடம் அப்போதுதான் பலகையைப் படித்தார். "மொசளெயா? யாரு நோடித்து?" என்றார். யார் பார்த்ததாம் என்று கேட்கிறார்!

"நீவே ஹேளித்ரல்லா மேடம், மொதலேன்னு!" நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார். நாணலைப் பார்த்தார். அந்தக் கறுப்புச் சமாச்சாரம் அங்கேயே கிடந்தது, அதன்மேல் ஒரு கொக்கு சொகுசாக நின்றுகொண்டிருந்தது. மரக்கட்டை! கன்னடத்தில் மொதலே என்றால் 'முன்னாடியே' என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முன்னாடியே இருந்த கட்டை, எழுதாதே என்றுதான் மேடம் சொல்லியிருக்கிறார். முதலைக்கு மொசளெயாம். மேடம் சேறென்றும் பார்க்காமல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வனத்துறைக்குப் போன் செய்து நன்றாகத் திட்டு வாங்கினேன். சாயங்காலத்துக்குள் கூண்டும் பலகையும் போய்விட்டன. மறுநாள் காலையில் தனியாகப் போய்ப் பரிசல்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"பன்னெண்டு வருசமா இந்தத் தண்ணிக்குள்ளயே கெடக்கறனுங்க. ஒருக்காக்கூடப் பாத்ததில்லீங்க. ஆனா படிச்சவீங்க நோட்டுல எழுதிப்போட்டீங்களே," என்றார்.

"தப்பா எழுதிட்டேங்க! அது வெறும் கட்டைங்க!"

"செரிங்க அம்மணி. எதுக்கும் ரெண்டு நாள் போகட்டுமுங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, என்மேல்தான். "பரிசலைத் திருப்புங்க, நானும் வர்றேன். இருந்தா என்னைத்தான் முதல்ல கடிக்கும், என்கிட்டதான் சதை ஜாஸ்தி," என்றேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பரிசல் நேராகப் போகிற சாமான் இல்லை. அது சுற்றியது, ஏரி சுற்றியது, சாப்பிட்டு வந்த செட் தோசை தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்தது. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒருவழியாக நடு ஏரிக்கு வந்து சேர்ந்தோம். வலை அவர் காலடியில் சுருட்டியபடியே கிடந்தது.

"எங்கீங்க முதலை? நல்லாப் பார்த்துக்குங்க!" என்று கத்தினேன். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. என் தோள்பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த நோட்டைப் பார்த்தார்.

"இல்லீன்னு எழுதுங்க அம்மணி."

"கரைக்குப் போய் எழுதறேங்க."

"இல்லீங்க, இங்கயே எழுதுங்க."

விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தேன். பிறகு இன்னொரு கையையும் எடுத்தேன். நோட்டை முழங்காலில் வைத்து, முதலை இல்லை என்று எழுதினேன். நான் எழுதி முடிக்கிறவரை அவர் வலையைத் தொடவில்லை.