ஏழிலைப்பாலையில் ஒரு கோர்சேர்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு வழுக்குப் பாறை. அதன் மேல் உடம்பெல்லாம் எண்ணெயோடு அத்தான் நிற்கிறார். சாரல் விழுகிறது, எண்ணெய் மேல் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. தோளிலிருந்து முழங்கை வரை கீழே சரித்து, முழங்கையிலிருந்து விரல் வரை மேலே தூக்கி, இரண்டு கைகளையும் விரித்து, "ஏலே, நல்லாப் பாத்துக்கோ. இது பறக்குதப்போ" என்கிறார். பிறகு முன்கைகள் இரண்டையும் தலைக்கு மேலே மடக்கி, விரல் நுனிகள் முட்டாமல் நிறுத்தி, "இது கப்பல்ல எடம் அடைக்காம நிக்குதப்போ" என்கிறார். கப்பலிலிருந்து கிளம்பிக் கப்பலிலேயே வந்து இறங்கும் சண்டை விமானம் அது. பெயர் கோர்சேர். அதைச் சொல்லும்போது அத்தான் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், சொந்தக் காளையைப் பற்றிப் பேசுகிறவர் முகத்தில் வருமே, அது மாதிரி. பக்கத்தில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இலஞ்சி அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கப்பல் எங்கன இருக்கு? வீட்டுக்கணக்கு போடாம வந்து கையத் தூக்கிட்டு நிக்குதவன் மாதிரில்லா இருக்கு" என்றார். பாறையோரம் கூலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளும் சிரித்துவிட்டார். அத்தான் கையை இறக்கவில்லை. நான் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்படியே நின்றார்.

அத்தான் என் அப்பாவின் அக்காள் மகன். தென்காசியில் எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மாமா இறந்த பிறகு வயலையும் வழக்கையும் அத்தையே பார்த்தாள். அத்தான் வயலில் இறங்கமாட்டார், எந்த யந்திரத்தைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பார். யுத்த காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் விமானம் பழுது பார்க்கிற பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரும் இலஞ்சி அண்ணாச்சியும் ஒன்றாகவே கிளம்பிப் போனார்கள். பக்கத்து ஊரான இலஞ்சியில் இருந்த அண்ணாச்சி வீட்டார் எங்களுக்குத் தூரத்து உறவு. ஒரே விமானத்தில் இரண்டு பேரும் ஜோடியாக வேலை பார்ப்பார்கள், லீவு கிடைத்தால் ஒன்றாகவே ஊருக்கு வருவார்கள். எனக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். விமானம் என்றால் சோறு வேண்டாம். வானத்தில் இரைச்சல் கேட்டால் வகுப்பிலிருந்து ஜன்னலுக்கு ஓடி அடி வாங்குகிறவன்.

அந்தச் சாரலுக்குப் பிறகு அத்தான் ஊருக்கு வரவில்லை. தை பிறக்குமுன்பே இறந்துபோனார். யுத்தத்தில் இல்லை, பட்டறையில். மடக்கி நிறுத்தியிருந்த இறக்கை அவர் மேல் விழுந்துவிட்டது. அங்கேயே எரித்துவிட்டார்கள். அஸ்தியைக் கொண்டு வந்தது இலஞ்சி அண்ணாச்சிதான். அதற்கு முன்பே பேச்சு வந்து சேர்ந்துவிட்டது: மடக்கின இறக்கை விழாமல் இருக்க ஒரு முட்டுக்கம்பி உண்டு, அது நழுவாமல் இருக்க ஓர் ஆணி உண்டு, இறக்கையில் கட்டிய கயிற்றை நாலு பேர் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆணியை உருவ வேண்டும், அன்றைக்கு அந்த நாலு பேர் வருமுன்பே யாரோ உருவிவிட்டார்கள், அப்போது அங்கே இருந்தது இரண்டே பேர், கீழே அத்தான், மேலே விமானி உட்காரும் இடத்தில் அண்ணாச்சி. மேலே இருந்தவன்தான் கையை நீட்டி உருவிவிட்டான் என்று பட்டறையிலிருந்து வந்த வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னார், அவர் கண்ணால் கண்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. மேலே இருந்தவன் உயிரோடு வந்திருக்கிறான், அது போதுமாயிருந்தது.

அஸ்திக் கலயத்தோடு நின்றவரை அத்தை வாசலோடு நிறுத்தினாள். "ரெண்டு பேராப் போனீய. ஒத்தையா வந்து நிக்க" என்றாள். அவர், "அம்மா, நான் ஆணியத் தொடல" என்று மட்டும் சொன்னார். அத்தை கலயத்தை வாங்கிக்கொண்டு, இனி உங்கள் வீட்டில் நான் கை நனைக்கமாட்டேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் அது சாதாரணப் பேச்சு இல்லை. ஒரு வீட்டில் கை நனைப்பதில்லை என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் இலையில் உட்காரமுடியாது, தாகத்துக்குத் தண்ணீர்கூட வாங்கமுடியாது. அத்தை வைராக்கியம் ஊருக்கே தெரியும். அவள் சொன்ன பிறகு இலஞ்சி வீட்டுக்கு ஒவ்வொரு சொந்தமாக வரத்துக் குறைந்தது. அண்ணாச்சிக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர் திரும்ப வேலைக்குப் போகவில்லை. தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு, தென்காசிப் பக்கமே வராமல் இருந்தார்.

அத்தை ஒருநாள் என்னைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "அது எப்படித்தாம்லே இருக்கும்? எம்புள்ளையக் கொன்னத நான் கண்ணால பாக்கண்டாமா?" என்று கேட்டாள். படம் காட்டினேன். பத்திரிகையில் வந்த மங்கல் படம். அவளுக்கு அதில் தலை எது வால் எது என்று பிடிபடவில்லை. மரத்தில் அதே மாதிரி சின்னதாக நான் செய்து தருகிறேன் என்றேன். செய்தால் அந்த ஆணி, முட்டுக்கம்பி எல்லாம் இருக்கிற மாதிரி செய்வேன், அவர் எங்கே நின்றார் இவர் எங்கே இருந்தார் என்று ஊரார் பார்க்கட்டும், தப்பு யார் மேல் என்று இந்தத் தெருவுக்கே காட்டுகிறேன் என்று வீராப்பாகவும் பேசினேன். நானும் அண்ணாச்சியைத்தான் மனசில் வைத்துப் பேசினேன். அத்தை தலையாட்டினாள்.

செங்கோட்டை ரோட்டு மரக்கடையில் ஏழிலைப்பாலைக் கட்டை கிடைத்தது. கையில் எடுத்தால் கட்டை இருப்பதே தெரியாது, அவ்வளவு இலேசு. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். யுத்தத்தில் உப்புத்தாள் கிடைக்காது. சொரசொரப்பான பிராய் மரத்து இலையால் தேய்த்தேன், அது வெண்ணெய் மாதிரி வழவழப்புக் கொடுத்தது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, மூக்கில் சுற்றுகிற சுழலி. சைக்கிள் ட்யூபில் சக்கரம். கிராமபோன் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி இறக்கை முழுக்கத் தகடுகளைப் பிணைக்கிற ரிவெட் தலைகள். விமானி தலைக்கு மேல் இருக்கிற கண்ணாடிக் கூட்டுக்கு டூரிங் கொட்டகையில் அறுந்துபோன பிலிம் துண்டைச் சலவைச் சோடாவில் கழுவி, சுடுநீரில் போட்டு வளைத்தேன். துணிக்குப் போடுகிற நீலத்தில் கரியைக் குழைத்துக் கடல் நிறம் கொண்டுவந்தேன். துக்க வீட்டுக்காகச் செய்கிற வேலை என்பது பாதி நேரம் மறந்துபோகும். இறக்கை அந்த வளைவில் சரியாக வந்து உட்கார்ந்த அன்று அத்தானைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று எழுந்தே விட்டேன். எழுந்து நின்றபின்தான் ஞாபகம் வந்தது.

இறக்கை மடங்கும் இடம் மட்டும் வரவில்லை. எந்தப் படத்திலும் அது இல்லை. யுத்தம் முடிந்த வருஷம் மரலாரி ஒன்றில் ஏறிக் கோயம்புத்தூர் போனேன். பட்டறைக்கு வெளியே வெட்டவெளியில் கோர்சேர்கள் வரிசையாக நின்றன. இனி யாருக்கும் வேண்டாம், உடைக்கப்போகிறார்கள் என்றார்கள். எல்லாம் இறக்கையைத் தலைக்கு மேல் மடக்கிக்கொண்டு நின்றன. வாழ்நாளில் முதல் தடவையாக நான் ஒரு விமானத்தைத் தொட்டேன். வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. காவல்காரர் நல்லவர், பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார். நூலில் முடிச்சுப் போட்டுப் போட்டு அளவெடுத்தேன். முட்டுக்கம்பியின் அடியை, உடலோடு ஒட்டி மடங்காமல் நிற்கிற குட்டை இறக்கைக்குள்ளே, உட்பக்கமாகச் செருகியிருந்தார்கள். ஆணி அங்கே இருந்தது. மேலே ஏறி விமானியின் இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன். எட்டவில்லை. எக்கினேன், இடுப்பு வரை வெளியே சாய்ந்தேன். ஆணி கண்ணுக்கே தெரியவில்லை. இறங்கிக் கீழே வந்து, குட்டை இறக்கைக்கு அடியில் நின்று, தலையைச் சாய்த்துக் கையை உள்ளே விட்டேன். விரலில் ஆணி தட்டியது. தலைக்கு நேர் மேலே மொத்த இறக்கையும் நின்றது. அங்கே நிற்காமல் அந்த ஆணியை ஒருவராலும் எடுக்கமுடியாது. அங்கே நின்றவர் ஒருவர்தான்.

ஊர் வந்து சேர்ந்தேன். கையில் உளி, முன்னால் கட்டை. ஆணியை ஒரு விரற்கடை மேலே தள்ளி வைத்தால் போதும். உட்கார்ந்தவன் கைக்கு எட்டிவிடும், அத்தை பார்ப்பாள், ஆறுதல்படுவாள், யார் கோயம்புத்தூர் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? இரண்டு நாள் கட்டையைத் தொடவில்லை. இலஞ்சித் தோப்பில் மண்வெட்டியோடு நிற்கிறவரை நினைத்தேன். அதைவிட, உண்மையைச் சொன்னால், அளவு தெரிந்த பிறகு தப்பாகச் செய்யக் கை வரவில்லை. ஆணியை அது இருக்கிற இடத்திலேயே வைத்தேன். அளவுக்கு இருக்கட்டும் என்று ஒரு மனிதனையும் செதுக்கி, மடக்கி நீட்டும்படி மெல்லிய கம்பியால் அவனுக்குக் கை வைத்தேன்.

பகலில், வெளிச்சத்தில், அத்தை வீட்டு நடுக்கூடத்தில் வைத்தேன். அத்தை வெகுநேரம் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. பிறகு அந்தச் சின்ன ஆளைப் பார்த்து, "இது யாருலே?" என்றாள். யாருமில்லை, சும்மா அளவுக்கு என்றேன். இலஞ்சிக்காரன் எங்கே இருந்தான் என்று கேட்டு, ஆளை எடுத்து அவளே மேலே விமானியின் இடத்தில் உட்கார வைத்தாள். ஆணி எது என்று கேட்டாள். காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆளின் கையை நீட்டிப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள்.

"எட்டலியே."

"எட்டாது அத்தே."

"எட்டுத மாதிரி நீ செஞ்சிருக்கலாம்லா."

"நெசத்துல எட்டல அத்தே. நான் ஏறிப் பாத்துட்டேன்."

அத்தை ஆளை எடுத்துக் கீழே, குட்டை இறக்கைக்கு அடியில் நிறுத்தினாள். ஆளின் கையைத் தூக்கினாள். கை நேராக ஆணியில் போய்த் தட்டியது. இரண்டு விரலால் ஆணியை அவளே உருவினாள். இறக்கை விழுந்து ஆள் சாய்ந்தான். பெரிய சத்தமெல்லாம் இல்லை, புளியங்கொட்டை விழுகிற சத்தம்தான். அத்தை ஆளைத் தூக்கி, முந்தானையால் துடைத்து, ஓரமாக வைத்தாள். "நாலு பேரு வரட்டும்னு அவனால நிக்க முடிஞ்சிருக்காது" என்றாள். பிறகு செருப்பில்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

இலஞ்சிக்கு அந்த உச்சி வெயிலில் நடந்தோம். அண்ணாச்சியின் அம்மா வாசலில் எங்களைக் கண்டு, வா என்றும் சொல்லமுடியாமல் போ என்றும் சொல்லமுடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, "சோறு இருக்கா?" என்றாள். அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பழைய சோறும் மோரும் சுண்டின குழம்பும்தான் இருந்தது. அந்த அம்மாள் அதையே எடுத்து வைத்தாள். அத்தை பிசைந்து வாயில் வைத்தாள், தண்ணீரும் வாங்கிக் குடித்தாள். பின்வாசலில் மண்வெட்டியோடு வந்து நின்ற அண்ணாச்சியைப் பார்க்காமல், சோற்றைப் பார்த்தே பேசினாள்: "அவசரம். பொறந்ததுலேர்ந்தே அவனுக்கு அவசரம். சோறு சூடு ஆறட்டும்னுகூடப் பொறுக்க மாட்டான். எனக்குத் தெரியாதா?" அண்ணாச்சி மண்வெட்டியைச் சாத்திவிட்டு மாட்டுத் தொழுப் பக்கம் போய்விட்டார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். சாப்பிட்டேன்.

இப்போது நான் மதுரையில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் படம் வரைகிறேன். அண்ணாச்சிக்குக் கல்யாணமாகிவிட்டது, அத்தைதான் முன்னால் நின்று நடத்தினாள். மனசு நிறைந்து சொல்லிக்கொள்ளவேண்டிய கதை இது. ஆனால் லீவில் போகும்போதெல்லாம் அத்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வருகிறாள். திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தவரை அவள் விடிய எழுந்து வயலுக்குப் போனாள், வழக்குக்குப் போனாள், ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. போன மாதம் போயிருந்தபோது மேல் வயல்காரர் அத்தை வயலுக்கு வரவேண்டிய முறைத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். நான் போய்ச் சண்டை போட்டு மடையைத் திறந்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வந்து, "அவர் மேலதான் தப்பு அத்தே, நம்ம முறை இன்னும் முடியல" என்றேன். முன்பானால் மண்வெட்டியோடு அவளே எனக்கு முன்னால் போயிருப்பாள்.

அத்தை முறத்திலிருந்து நிமிரவில்லை. "தப்பு யாரு மேலயோ இருந்துட்டுப் போகட்டும்லே" என்றாள்.